மின்சார கார்: போனது ஏன், திரும்பியது எப்படி?

1899 ஏப்ரல் 29ஆம் தேதி, பாரிஸுக்கு அருகே ஆஷேர் என்ற இடத்தில், கமீல் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியக்காரர் ஒரு வண்டியை மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். சாலையில் ஓடும் வாகனம் ஒன்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது அதுதான் முதல் முறை. அந்த வண்டி ஓடியது மின்சாரத்தில்.

மின்சார கார் என்றாலே நேற்று வந்த சமாச்சாரம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். பெட்ரோல் கார் காலூன்றுவதற்கு முன்பே அது தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. 1900 வாக்கில் அமெரிக்கச் சாலைகளில் இருந்த மோட்டார் வாகனங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று மின்சார வண்டி. மற்றவை நீராவியிலும் பெட்ரோலிலும் ஓடின. நியூயார்க்கில் மின்சார டாக்சிகள் இருந்தன. டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற நிறுவனத்தின் காரை வைத்திருந்தவர்களில் ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவும் ஒருவர். கணவர் ஊருக்கெல்லாம் பெட்ரோல் கார் விற்றுக்கொண்டிருக்க, மனைவி மின்சார காரில் போய்வந்துகொண்டிருந்தார்.

அவர் பக்கம் நியாயம் இருந்தது. அன்றைய பெட்ரோல் காரைக் கிளப்ப வண்டிக்கு முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை முறியும். சத்தம், புகை, கியர் மாற்றும் போராட்டம் எல்லாம் தனி. மின்சார காரில் ஏறி உட்கார்ந்து நெம்புகோலைத் தள்ளினால் வண்டி நகர்ந்துவிடும்.

அப்புறம் 1912இல், சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய செல்ஃப் ஸ்டார்ட்டர் காடிலாக் கார்களில் வந்தது. ஒரு சின்ன மின்மோட்டார் எஞ்சினைக் கிளப்பிவிடும். மின்சார காரின் பெரிய சாதகத்தை ஒரு மின்மோட்டாரே பிடுங்கிக்கொண்டது வேடிக்கைதான். ஃபோர்டின் மாடல் டி வந்த பிறகு விலையிலும் போட்டி போட முடியவில்லை. 1912இல் பெட்ரோல் கார் 650 டாலர், மின்சார கார் 1,750 டாலர். டெக்சஸில் எண்ணெய் கிடைத்துப் பெட்ரோல் மலிந்தது. நல்ல சாலைகள் போடப் போட மக்கள் ஊரைவிட்டு வெளியே தூரமாகப் போக ஆசைப்பட்டார்கள். அங்கே மின்கம்பியே போயிருக்கவில்லை. 1930களின் நடுவில் மின்சார கார் ஏறக்குறைய மறைந்தே போனது.

அறுபது வருடம் தூங்கிய ஒரு யோசனை மறுபடி எழுந்து, 2024இல் உலகம் முழுவதும் விற்ற புதுக் கார்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் பிடித்துக்கொண்டது எப்படி? பிளக்கில் சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் பெட்ரோல் எஞ்சினும் சேர்ந்திருக்கும் பிளக்-இன் ஹைப்ரிட்களையும் சேர்த்த கணக்கு இது. வண்டி எண்ணிக்கையில் 1.7 கோடிக்கு மேல்.

முதலில் ஒரு யூனிட் கணக்கு

இந்தக் கதை புரிய ஒரே ஒரு கணக்கு தெரிந்தால் போதும். மின்சார கார் விளம்பரங்களில் கிலோவாட்-ஹவர் என்று ஓர் அளவு வரும். பயமுறுத்தும் பெயர்தான், ஆனால் நம் கரண்ட் பில்லில் வருகிற ஒரு யூனிட்தான் அது. 40 கிலோவாட்-ஹவர் பேட்டரி என்றால் 40 யூனிட் பிடிக்கும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் மீட்டரில் இன்னும் கொஞ்சம் ஓடும்.

ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் கிட்டத்தட்ட 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. ஆனால் எஞ்சின் அதில் முக்கால் பங்கை வெப்பமாக வெளியே விட்டுவிடுகிறது. ரேடியேட்டர் என்று ஒன்றை முன்னால் மாட்டியிருப்பதும், கொஞ்ச தூரம் ஓடியதுமே சைலன்சரைத் தொட முடியாமல் சுடுவதும் இதனால்தான். சக்கரத்துக்குப் போய்ச் சேருவது கால் பங்கு. மின்மோட்டார் அப்படியில்லை; உள்ளே வருகிற மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கைச் சுழற்சியாக மாற்றிவிடும். நடுத்தர அளவுள்ள மின்சார கார் 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 15 யூனிட் செலவழிக்கும். அதாவது 9 யூனிட் ஆற்றலை வைத்துப் பெட்ரோல் கார் 15 கிலோமீட்டர் போகிறதென்றால், மின்சார கார் அதே 9 யூனிட்டில் 60 கிலோமீட்டர் போகும்.

இவ்வளவு சிக்கனமான வண்டி அப்புறம் ஏன் தோற்றது? ஆற்றலைச் சுமந்துகொண்டு போவதில்தான் சிக்கல். ஒரு கிலோ பெட்ரோலில் 12 யூனிட் இருக்கிறது. ஈய-அமில பேட்டரி, அதாவது நம் வீட்டில் இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் டிஸ்டில்டு வாட்டர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அதே வகை, கிலோவுக்கு ஒரு யூனிட்டில் முப்பதில் ஒரு பங்குதான் தாங்கும். ஒரு யூனிட்டைச் சேமிக்க 30 கிலோ. பெட்ரோலைவிட 350 மடங்குக்கு மேல் கனம். மோட்டார் நாலு மடங்கு சிக்கனமாக இருந்தால்கூட இந்தப் பள்ளம் நிரம்பாது.

ஜெனாட்ஸி காலத்திலிருந்தே மோட்டாரில் பெரிய குறை இருந்ததில்லை. குறை எல்லாம் பேட்டரியில். இனி வரப்போகிற கதை முழுக்க அந்த 30 கிலோவைக் குறைத்த கதைதான்.

காருக்குள் வேறு என்ன இருக்கிறது என்பதையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பேட்டரி தருவது டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். இன்றைய கார் மோட்டார்கள் பெரும்பாலும் ஏசியில், அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தில் ஓடுபவை. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது இன்வெர்ட்டர். கரண்ட் போனால் ஃபேன் ஓட்டும் வீட்டுப் பெட்டிக்கும் இதற்கும் அடிப்படை வேலை ஒன்றுதான். கார் இன்வெர்ட்டர் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி, ஆக்சிலரேட்டரை நாம் மிதிக்கிற அளவுக்கு ஏற்ப அளந்து கொடுக்கும். காலை எடுத்தால் எல்லாம் தலைகீழாக நடக்கும்: சக்கரம் மோட்டாரைச் சுற்ற, மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். அதனால் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிற ஊருக்குள் மின்சார கார் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போதுதான், காற்றின் எதிர்ப்பால், சார்ஜ் கடகடவென்று இறங்கும். பெட்ரோல் காரில் நமக்குப் பழகியதற்கு இது நேர் எதிர்.

பந்தய வண்டியிலிருந்து ஈவி1 வரை

1973இல் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தியபோது சில நிறுவனங்கள் சின்னச் சின்ன மின்சார வண்டிகளை விட்டுப் பார்த்தன. எண்ணெய் நெருக்கடி தீர்ந்ததும் அவற்றை எல்லோரும் மறந்தார்கள். உண்மையான மறுதொடக்கம் என்று நான் வைப்பது 1987இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு பந்தயத்தை.

வடக்கே டார்வினிலிருந்து தெற்கே அடிலெய்டு வரை, சுமார் 3,000 கிலோமீட்டர், சூரிய ஒளியை மட்டும் நம்பி ஓட வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் அனுப்பிய சன்ரேசர் என்ற வண்டி சராசரியாக மணிக்கு 67 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஜெயித்தது. இரண்டாவதாக வந்த வண்டி இரண்டு நாள் பின்தங்கியிருந்தது. சன்ரேசரை உருவாக்கியது கலிபோர்னியாவைச் சேர்ந்த ஏரோவைரன்மென்ட் என்ற நிறுவனம். அதை நடத்திய பால் மெக்ரெடி, 1979இல் மனிதன் பெடல் மிதித்தே ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய விமானத்தை வடிவமைத்தவர். கையில் இருக்கிற கொஞ்ச ஆற்றலை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று யோசிப்பதுதான் அவருக்குத் தொழில். சன்ரேசரின் சோலார் தகடுகள் நல்ல வெயிலில் தந்தது வீட்டு கீசர் எடுப்பதைவிடக் குறைவான மின்சாரம். அதை வைத்து ஒரு கண்டத்தையே தாண்டிவிட்டார்கள்.

அதே குழு அடுத்து இம்பாக்ட் என்ற மாதிரி காரைச் செய்தது. அதற்கு இன்வெர்ட்டர் வடிவமைத்தவர் ஆலன் கொக்கோனி; இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வருவார். 1990 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் கார் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் அந்தக் காரைப் பெருமையாக மேடையேற்றியது. புகைமூட்டத்தில் அந்த நகரமே மூச்சுத் திணறிக்கொண்டிருந்த காலம் அது. அதே ஆண்டு கலிபோர்னியாவின் காற்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு விதியைக் கொண்டுவந்தது: பெரிய நிறுவனங்கள் அந்த மாநிலத்தில் 1998இல் விற்கும் கார்களில் 2 சதவீதம் புகையே விடாதவையாக இருக்க வேண்டும், 2003இல் அது 10 சதவீதமாக வேண்டும். முடியும் என்று நீங்களே காட்டிவிட்டீர்கள், அப்படியானால் செய்யுங்கள் என்று அரசு பிடித்துக்கொண்டது. கண்காட்சியில் காட்டியவர்கள் பிறகு நொந்துகொண்டிருப்பார்கள்.

இம்பாக்ட்தான் 1996இல் ஈவி1 என்ற பெயரில் சாலைக்கு வந்தது. மொத்தம் செய்தது 1,117 கார்கள். விற்கவில்லை, குத்தகைக்கு மட்டும் கொடுத்தார்கள். முதல் வகையில் இருந்தவை 26 ஈய-அமில பேட்டரிகள். அவற்றின் எடை 533 கிலோ, கொள்ளளவு 16.5 யூனிட். அரை டன்னுக்கு மேல் பேட்டரி, அதற்குள் இரண்டு லிட்டர் பெட்ரோலுக்கும் குறைவான ஆற்றல்! இரண்டு பேர் மட்டும் உட்காரும் அந்தக் கார் இதை வைத்துக்கொண்டு 100 கிலோமீட்டரை ஒட்டி ஓடியதென்றால், அது சன்ரேசர் கற்றுக்கொடுத்த சிக்கனம். 1999இல் நிக்கல் வகை பேட்டரி வந்ததும் தூரம் கூடியது. ஓட்டியவர்கள் அந்தக் கார் மேல் உயிரையே வைத்திருந்தார்கள்.

நிறுவனங்களோ விதியை எதிர்த்து வாதாடின, வழக்கும் போட்டன. வாரியம் படிப்படியாக இறங்கி வந்தது. விதி தளர்ந்ததும் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களைத் திரும்பப் பெற்று, சிலவற்றை மட்டும் செயலிழக்க வைத்து அருங்காட்சியகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் கொடுத்துவிட்டு, மீதியை நசுக்கியது. காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம் என்று ஓட்டியவர்கள் கேட்டும் தரவில்லை. 2003 ஜூலையில் ஹாலிவுட்டில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் அந்தக் காருக்கு இறுதிச் சடங்கே நடத்தினார்கள்.

எண்ணெய்க் கம்பெனிகளும் கார் கம்பெனிகளும் சேர்ந்து கொன்றுவிட்டன என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதிதான் சரி என்று தோன்றுகிறது. 533 கிலோ பேட்டரியைச் சுமக்கும் இரண்டு சீட் காரைக் குடும்பங்கள் வரிசையில் நின்று வாங்கியிருக்காது. ஆனால் நசுக்கிய முறை அசட்டுத்தனம். மின்சார கார் வேண்டும் என்று கண்ணீர் விடும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள் என்று போட்டியாளர்களுக்கு விளம்பரம் செய்ததுதான் மிச்சம்.

அந்தச் சோலார் பந்தய வட்டாரத்திலிருந்து ஒரு கிளை பெங்களூருக்கும் வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்களின் சோலார் கார் அணியில் இருந்த சேத்தன் மைனி, 2001இல் ரேவா காரை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதுவும் ஈய-அமில பேட்டரிதான், 80 கிலோமீட்டர் போகும். இங்கே அது பெரிதாக எடுபடவில்லை. லண்டனில் ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியது. காரணம், 2003இல் லண்டன் நகர மையத்துக்குள் கார் நுழையக் கட்டணம் வந்தபோது மின்சார வண்டிக்கு விலக்கு கிடைத்தது. பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கிறது என்று கேலி செய்த ஊரில், கணக்குப் பார்த்தவர்கள் வாங்கினார்கள்.

வீடியோ கேமராவுக்குச் செய்த பேட்டரி

கார்க்காரர்கள் பேட்டரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே சமயத்தில், விடை எலெக்ட்ரானிக்ஸ் கடையில் விற்பனைக்கு இருந்தது.

1970களில் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி விட்டிங்ஹாம், லித்தியத்தை வைத்து மறுபடி மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய பேட்டரியைச் செய்தார். எண்ணெய்க் கம்பெனியின் ஆய்வகத்திலேயே இது தொடங்கியது என்பதைச் சதிக் கதை சொல்பவர்கள் குறித்துக்கொள்ளலாம். லித்தியம் உலோகம் தீப்பிடிக்கும் அபாயம் அதில் இருந்தது. 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடைப் பயன்படுத்தி வோல்டேஜை நன்றாக உயர்த்திக் காட்டினார். 1985இல் ஜப்பானின் அகிரா யோஷினோ லித்தியம் உலோகத்தையே எடுத்துவிட்டு, கார்பனுக்குள் லித்தியம் அயனிகளை, அதாவது மின்னேற்றம் பெற்ற லித்தியம் அணுக்களை, வைக்கும் வழியைச் செய்தார். 1991இல் சோனி அதைக் கடைக்குக் கொண்டுவந்தது, கையில் பிடிக்கும் வீடியோ கேமராவுக்காக. மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தபோது குட்இனஃபுக்கு வயது 97.

அது வேலை செய்யும் விதம் இது. ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டு பக்கம்: ஒன்று கிராஃபைட், மற்றது உலோக ஆக்சைடு. நடுவில் மெல்லிய தடுப்புத் தாள், சுற்றிலும் அயனிகளை நகரவிடும் திரவம். சார்ஜ் போடும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடிலிருந்து கிளம்பி, தாளைக் கடந்து, கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு நடுவே போய் உட்காரும். வண்டி ஓடும்போது பழைய இடத்துக்குத் திரும்பும். அயனிகள் உள்ளே போகும் அதே நேரத்தில் எலெக்ட்ரான்கள் வெளியே கம்பி வழியாகச் சுற்றிப் போகும். நமக்குக் கிடைக்கும் மின்சாரம் அந்த ஓட்டம்தான். உலோகங்களிலேயே லேசானது லித்தியம். ஈய-அமில செல் ஒன்று 2 வோல்ட் தரும் இடத்தில் லித்தியம் செல் 3.6 வோல்ட் அளவு தரும். எடை குறைவு, வோல்டேஜ் அதிகம்: இரண்டும் சேர்ந்ததால்தான் லாபம்.

இப்போது கொக்கோனிக்குத் திரும்புவோம். அவர் கலிபோர்னியாவில் ஏசி புரொபல்ஷன் என்ற சின்ன நிறுவனத்தைத் தொடங்கி, டிஸீரோ என்ற மின்சாரப் பந்தயக் காரைக் கையால் செய்துகொண்டிருந்தார். முதலில் ஈய-அமில பேட்டரிதான். மார்ட்டின் எபர்ஹார்ட் என்ற பொறியாளர் வந்து, லேப்டாப்பில் போடும் செல்களைப் போட்டுப் பாருங்கள் என்று தூண்டிப் பணமும் கொடுத்தார். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். சுவர்க் கடிகாரத்தில் போடும் பேட்டரியைவிடச் சற்றே பெரிய அந்த உருளைகள் ஆயிரக்கணக்கில் காருக்குள் போயின. 2003இல் மாற்றிய கார் எடை குறைந்து, முன்பைவிடப் பல மடங்கு தூரம் ஓடியது. அதைப் பெரிய அளவில் விற்பதில் ஏசி புரொபல்ஷனுக்கு ஆர்வமில்லை. எபர்ஹார்ட், தன் நண்பர் மார்க் டார்ப்பெனிங்கோடு சேர்ந்து சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார். அதுதான் டெஸ்லா. எலான் மஸ்க் தொடங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். அவர் 2004இல் முதலீட்டாளராக உள்ளே வந்தவர். டெஸ்லா பதிவானது 2003 ஜூலையில், ஈவி1க்கு ஹாலிவுட்டில் இறுதிச் சடங்கு நடந்த அதே மாதம்.

2008இல் வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்த டெஸ்லா ரோட்ஸ்டரில் 6,831 செல்கள் இருந்தன. பேட்டரியின் மொத்த எடை சுமார் 450 கிலோ, கொள்ளளவு 53 யூனிட். ஈவி1இன் எண்களோடு சேர்த்துப் பாருங்கள்: 533 கிலோவில் 16.5, இங்கே 450 கிலோவில் 53. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் எடை இறங்கி, கொள்ளளவு மூன்று மடங்கு. ஒரு யூனிட்டுக்கு 30 கிலோ என்று சொன்னோமே, அது 9 கிலோவுக்கும் கீழே வந்துவிட்டது. ரோட்ஸ்டர் ஒரு சார்ஜில் கிட்டத்தட்ட 390 கிலோமீட்டர் போனது.

ஆனால் விலை லட்சம் டாலருக்கு மேல். பணக்காரர்களின் விளையாட்டுச் சாமானாகவே அது நின்றிருக்கலாம். நிற்காமல் போனதற்குக் காரணம் பேட்டரி விலை விழுந்த வேகம். 2010இல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 1,000 டாலருக்கும் மேல் ஆனது. 2024இல் ப்ளூம்பெர்க் என்இஎஃப் நிறுவனத்தின் கணக்குப்படி சராசரி 115 டாலர். 40 யூனிட் பேட்டரிக்கு 40,000 டாலர் என்றிருந்தது 4,600 டாலருக்கு வந்துவிட்டது. கண்டுபிடிப்பைவிட இந்தச் சரிவுதான் பெரிய நிகழ்ச்சி என்பேன். ஒரே பொருளை மேலும் மேலும் அதிகமாகச் செய்யச் செய்ய, கழிவு குறைந்து, இயந்திரம் வேகமாகி, விலை இறங்கிக்கொண்டே போனது.

நார்வே, சீனா, அப்புறம் ஒரு மோசடி

பேட்டரி மலிவாக வேண்டுமானால் யாராவது நிறைய வாங்க வேண்டும். விலை அதிகமாக இருக்கும்போது யார் வாங்குவார்கள்? இந்த முடிச்சை அவிழ்த்தது அரசுகள்தான். அமெரிக்காவின் கதை மட்டும் அடிக்கடி சொல்லப்படுவதால் இது மறைந்துபோகிறது.

நார்வேயில் அது ஒரு கலாட்டாவில் தொடங்கியது. 1989இல், ஆ-ஹா என்ற புகழ்பெற்ற பாப் இசைக்குழுவைச் சேர்ந்தவர்களும் பெல்லோனா என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் ஃப்ரெடெரிக் ஹாகேவும், மின்சாரத்துக்கு மாற்றப்பட்ட ஒரு ஃபியட் பாண்டாவை நாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ஆஸ்லோவின் சுங்கச் சாவடிகளில் காசு கட்டாமல் ஓட்டிக்கொண்டே போனார்கள். அபராதத்துக்கு மேல் அபராதம். கடைசியில் காரைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டார்கள். செய்தி நாடெங்கும் பரவியது. 1990களிலேயே மின்சார கார்களுக்குக் கொள்முதல் வரியிலும் சுங்கக் கட்டணத்திலும் விலக்கு வந்தது. 2001இல் மதிப்புக் கூட்டு வரியும் போனது. அப்போது வாங்க நல்ல மின்சார கார் ஒன்றுகூட இல்லை என்பதுதான் விசேஷம். கார் வந்து சேர்ந்தபோது சலுகை தயாராகக் காத்திருந்தது. 2024இல் அங்கே விற்ற புதுக் கார்களில் ஏறக்குறைய 89 சதவீதம் முழு மின்சார கார். இத்தனைக்கும் நார்வே எண்ணெய் விற்றுப் பிழைக்கும் நாடு.

சீனாவின் கணக்கு வேறு. பெட்ரோல் எஞ்சினில் ஜெர்மனியையும் ஜப்பானையும் எட்டிப் பிடிக்க முடியாது, எல்லோரும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் ஒன்றில் இறங்கலாம் என்று வாதாடியவர் வான் காங். ஜெர்மனியில் ஆடி நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர்; 2007இல் சீனாவின் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சரானார். 2009இல் நகரப் பேருந்துகள், டாக்சிகளில் தொடங்கி மானியம் கொட்டப்பட்டது. ஷென்ஜென் நகரம் 2017இல் தன்னுடைய 16,000 சொச்சம் பேருந்துகளையும் மின்சாரத்துக்கு மாற்றி முடித்தது. ஷாங்காயில் பெட்ரோல் காருக்கு நம்பர் பிளேட் வாங்கவே ஏலத்தில் பெருந்தொகை கட்ட வேண்டும். மின்சார காருக்குப் பச்சை பிளேட் சும்மா கிடைத்தது. வாங்குபவருக்கு இதைவிட நேரடியான காரணம் தேவையா? 1995இல் செல்போன் பேட்டரி செய்யத் தொடங்கிய பிஒய்டி நிறுவனம், 2003இல் ஒரு கார் தொழிற்சாலையை வாங்கி, இன்று உலகின் மிகப்பெரிய மின்சார கார் நிறுவனங்களில் ஒன்றாக நிற்கிறது. கார் செய்தவர்கள் பேட்டரியைக் கற்றுக்கொண்டதைவிட, பேட்டரி செய்தவர்கள் காரைக் கற்றுக்கொண்டது எளிதாக இருந்திருக்கிறது. 2024இல் சீனாவில் விற்ற கார்களில் ஏறக்குறைய பாதி பிளக்கில் மாட்டி சார்ஜ் செய்யும் வகை.

ஐரோப்பா டீசலையே கட்டிக்கொண்டிருந்தது. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் மாட்டிக்கொண்டது: சோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை உலகம் முழுக்க 1.1 கோடி டீசல் வண்டிகளில் வைத்திருந்தார்கள். சுத்தமான டீசல் என்ற பேச்சு அதோடு முடிந்தது. அமெரிக்காவில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, மின்சார கார்களுக்குச் சார்ஜிங் நிலையங்கள் அமைப்பது முதலான வேலைகளுக்கு ஃபோக்ஸ்வாகன் 200 கோடி டாலர் செலவிட வேண்டியதாயிற்று. டீசலில் செய்த தப்புக்கு மின்சாரத்தில் தண்டனை.

நமக்கு வந்த வழி

இந்தியாவில் மின்சார வண்டி மூன்று சக்கரத்திலும் இரண்டு சக்கரத்திலும் ஏறித்தான் வந்தது. வட இந்திய நகரங்களின் இ-ரிக்ஷாக்கள் எந்த மானியத் திட்டத்துக்கும் காத்திராமல் ஈய-அமில பேட்டரியோடு தெருவில் இறங்கின. ஸ்கூட்டரில் தமிழ்நாட்டுக்கு நேரடிப் பங்கு உண்டு: ஐஐடி மெட்ராஸில் படித்த இருவர் 2013இல் தொடங்கிய ஏதரின் தொழிற்சாலை ஓசூரில் இருக்கிறது, ஓலாவின் தொழிற்சாலை கிருஷ்ணகிரி மாவட்டத்தில். காரில் பலர் முதலில் பார்த்தது 2020 ஜனவரியில் வந்த டாடா நெக்ஸான் ஈவி.

வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் சந்தேகங்கள் சில. சார்ஜ் ஏற எவ்வளவு நேரம்? ஏசிக்குப் போடுகிற 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் மணிக்கு 3 யூனிட் ஏறும். 40 யூனிட் பேட்டரிக்கு 13 மணி நேரத்துக்கு மேல். இரவில் போட்டுவிட்டுக் காலையில் எடுப்பவருக்கு இது பிரச்சினையே இல்லை. சுவரில் பொருத்தும் 7 கிலோவாட் சார்ஜரில் ஆறு மணி நேரம். நெடுஞ்சாலையில் இருக்கும் வேக சார்ஜர்கள் ஒரு மணி நேரத்துக்குள் 80 சதவீதம் ஏற்றிவிடும். அதற்கு மேல் பேட்டரியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், செல்கள் கெடாமல் இருக்க. சொந்தமாகப் பார்க்கிங்கும் அங்கே ஒரு பிளக்கும் இல்லாத அபார்ட்மென்ட்வாசிக்கு இப்போதைக்கு மின்சார கார் தலைவலி என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

வெயில் தாங்குமா? நியாயமான கேள்வி. 2010இல் வந்த நிஸான் லீஃப் காரின் பேட்டரிக்குத் தனிக் குளிர்விப்பு கிடையாது. அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் ஓடியவற்றின் பேட்டரி இரண்டே வருடத்தில் கொள்ளளவை இழந்தது பெரிய புகாரானது. அதன் பிறகு பேட்டரியைச் சுற்றித் திரவம் ஓடவிட்டுக் குளிர்விப்பதே பெரும்பாலான கார்களில் வழக்கமாகிவிட்டது. இந்தியக் கார்களில் பலவும் பயன்படுத்தும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை சூட்டுக்கு இன்னும் கொஞ்சம் பொறுமையானது. அதில் கோபால்ட் இல்லை என்பது கூடுதல் நிம்மதி. உலகின் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோவிலிருந்து வருகிறது. அங்கே குழந்தைகள் சுரங்கத்தில் வேலை செய்வது வெளிவந்து பல வருடமாகிறது.

நிலக்கரியில் செய்த மின்சாரத்தில் ஓடினால் சுற்றுச்சூழலுக்கு என்ன லாபம் என்பது மற்றொரு கேள்வி. இந்தியாவில் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்துதான் வருகிறது, பேட்டரி செய்யும்போதும் கணிசமாகக் கார்பன் வெளியாகிறது. அதனால் நார்வேயின் நீர்மின்சாரத்தில் ஓடும் கார் தரும் லாபம் இங்கே கிடைக்காது. ஆனால் மோட்டாரின் சிக்கனத்தால் இங்கேயும் கொஞ்சம் மிஞ்சும், அதிகம் ஓட்ட ஓட்டக் கூடும். தெருவில் புகை இல்லாதது நேரடி லாபம். வருடத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டாதவர், நன்றாக ஓடும் பழைய காரை விற்றுவிட்டு இதை வாங்குவதில் பூமிக்கும் லாபமில்லை, பர்ஸுக்கும் லாபமில்லை.

கடைசியாக, ஷோரூமில் சொல்லும் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் போகும் தூரம். இந்தியச் சான்றிதழில் வரும் எண், மிதமான வேகத்தில் ஆய்வகத்தில் வைத்து எடுத்தது. ஏசி போட்டு, நாலு பேர் ஏறி, நெடுஞ்சாலையில் 100இல் போகும் வண்டிக்கு அது பொருந்தாது. சொன்ன எண்ணில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கழித்துவிட்டு, நீங்கள் வழக்கமாகப் போகும் தூரத்துக்கு மிச்சம் போதுமா என்று பாருங்கள். பேட்டரிக்கு எத்தனை வருடம் வாரண்டி, அதற்குள் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது பல நிறுவனங்கள் தரும் அளவு.